வாசலைப் பார்க்காத பெஞ்சு

யார் உள்ளே வந்தாலும் அவர் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார். கதவு கிறீச்சிடும், குளிர் உள்ளே பாயும், மேசைமேல் இருக்கும் தாள்கள் படபடக்கும். அவர் குனிந்து எதையாவது ஒட்டிக்கொண்டிருப்பார். வந்தவர் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து, கையில் ஒரு தாளையாவது எடுத்த பிறகுதான் மெதுவாக நிமிர்ந்து, "வாங்க" என்பார்.

முதல் முறை எனக்கு அது அவமானமாக இருந்தது. இரண்டாவது முறை நிம்மதியாக இருந்தது. மூன்றாவது முறைதான் அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார் என்று புரிந்தது.

தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்களுக்கு ஒரு வாசகசாலை இருந்தது. எழுபதுகளின் நடுவில். அதற்கு முன்னால் அது உரம் வைக்கும் கிடங்கு. மழைக்காலத்தில் சுவரில் உப்புப் பூத்து, பழைய உர வாடை மறுபடியும் கிளம்பும். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கட்டடத்துக்கே தெரியுதுய்யா, தான் எதுக்குப் பொறந்தோம்னு. ஒருநாள் உரம்தான் திரும்பி வரப்போகுது" என்பார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும் எங்களுக்குச் சிரிப்பு வராது. அந்தக் கட்டடத்தை எஸ்டேட் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம் என்ற பயம் எங்களுக்கு இருந்துகொண்டே இருந்தது.

வாசகசாலையைப் பார்த்துக்கொண்டவருக்கு ஐம்பது வயது இருக்கும். இலை உருட்டும் இயந்திரத்தில் இடது கையின் மூன்று விரல்களைக் கொடுத்தவர். அதற்குப் பிறகு லேசான வேலை என்று சொல்லி வாசகசாலைச் சாவியை அவர் கையில் கொடுத்தார்கள். முழங்கை தேய்ந்த கம்பளிக் கோட்டு, காதில் பாதியாக வெட்டிய பென்சில். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவரும் யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். மூன்று வயதான என் மகளிடம், "நீங்க இந்தப் படத்தப் பாத்துட்டீங்களா? அப்ப அடுத்ததக் கொடுக்கட்டுமா?" என்று கேட்பார். அவள் வெட்கப்பட்டு என் காலுக்குப் பின்னால் போவாள். அந்த வெட்கம் என்னிடமிருந்து அவளுக்கு வந்தது.

நான் நாலாம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கவாத்துக் கத்தியைப் பிடித்தவன். தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை. எதிரே ஆள் வந்தால் பாதையை விட்டுச் செடிக்குள் இறங்கி வழி விடுவேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அப்படிப்பட்டவன் ஒரு பொது இடத்துக்குள் நுழைந்ததே, அங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பதால்தான்.

ஆனால் தொடக்கத்தில் அப்படி இல்லை. வாசலுக்கு நேராக ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. ரைட்டரும் அவருடைய கூட்டாளிகளும் அதில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பீடிப் புகை, சீட்டுக்கட்டு. பேப்பர் ஒன்று பெயருக்கு மடியில் கிடக்கும். உள்ளே வருகிறவனை எல்லாக் கண்களும் உச்சி முதல் பாதம் வரை ஒரு முறை அளந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பேச்சியையும் மகளையும் கூட்டிக்கொண்டு படி வரை வந்தேன். பெஞ்சைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

"உள்ள ஆம்பளைங்களா உக்காந்திருக்காங்க. போயிரலாம்," என்று அவள் காதோடு சொன்னேன்.

"படத்தப் பாக்கணும்னு இவ அழுவாளே?"

"அழுதா அழட்டும்."

திரும்பிப் போய்விட்டோம். அண்ணாச்சி மேசையில் குனிந்து அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அது பொய் என்று அடுத்த ஞாயிறு தெரிந்தது. நீளப் பெஞ்சு வாசலுக்கு முதுகு காட்டிக் கிடந்தது. அது மட்டுமல்ல, எல்லாப் பெஞ்சுகளும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வாசலைப் பார்த்து உட்கார அந்த அறையில் ஓர் இடம்கூட இல்லை.

ரைட்டர் வந்து நின்று பார்த்தார்.

"என்னவே இது? யாரு வாரா யாரு போறான்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறோம், சார்?" என்றார் அண்ணாச்சி.

"வெளிச்சம் முதுகுப் பக்கமா வர வேண்டாமா?"

"முகத்துப் பக்கம் வந்தா சீட்டாட்டத்துக்கு நல்லது சார். கள்ள ஆட்டம் ஆட முடியாது."

பெஞ்சில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். ரைட்டர் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு வந்த கோபம் பின்னால் இரண்டு வருஷம் ஆறவே இல்லை.

அண்ணாச்சி எதையும் உத்தரவு போட்டு மாற்றியதில்லை. ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும். வெளிச் சுவரில் ஆணிகள் வந்தன. கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கையும் கூடையையும் அதில் மாட்டிவிட்டு நனையாமல் உள்ளே வரலாம். படப் புத்தகங்கள் மேல் தட்டிலிருந்து இறங்கித் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றன. உத்திரத்தில் இரண்டு கயிறுகள் தொங்கின. வேட்டியோ சேலையோ கொண்டுவந்து தொட்டில் கட்டிக்கொள்ளலாம். ஐப்பசி பிறந்தால் நடுவில் ஒரு தகர வாளியில் கரி கனன்றுகொண்டிருக்கும்.

எங்கள் வாசகசாலை சத்தமான வாசகசாலை. புதிதாக எழுத்துக் கூட்டுகிறவர்களுக்கு மனதுக்குள் படிக்க வராது. வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும். நாலு பெண்கள் நாலு கதையை ஒரே நேரத்தில் கூட்டிக் கூட்டிப் படிப்பார்கள். நடுவில் பிள்ளை அழும்.

"இது வாசகசாலையா, பிள்ள பாக்குற கொட்டகையா?" என்று ரைட்டர் ஒருநாள் கத்தினார். "ஒரு மனுசன் இங்க எப்படிய்யா பேப்பர் படிப்பான்?"

"சத்தமாப் படிங்க சார். எல்லாரும் கேப்போம்," என்றார் அண்ணாச்சி.

ரைட்டர் பேப்பரைப் போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு அவரும் கூட்டாளிகளும் வரவில்லை. வராமல் இருந்ததுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

பேச்சி போடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எழுத்துத் தெரியாது. உறுப்பினராகச் சேர்ந்த அன்று பதிவேட்டில் கட்டைவிரலை உருட்டினாள். அந்தப் பதிவேட்டில் பாதிக்கு மேல் கைநாட்டுத்தான். அண்ணாச்சி யாரிடமும், "படிக்கத் தெரியுமா?" என்று கேட்டதில்லை. "எந்தப் புத்தகம் வேணும்?" என்றுதான் கேட்பார். அவளும் வெட்கத்தில் கைக்கு எட்டிய ஒன்றைக் காட்டினாள். அட்டை போன ஒரு கதைப் புத்தகம். அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, காதிலிருந்த பாதிப் பென்சிலையும் சேர்த்துக் கொடுத்தார்.

எழுத்தை நான்தான் வீட்டில் தரையில் கரிக்கட்டியால் எழுதிக் காட்டினேன். வீட்டுக்குள் என்றால் எனக்குப் பேச்சு வரும். லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடுகள். வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. இவள் எழுத்துக் கூட்டினால் பத்து வீட்டுக்கும் கேட்கும். ஒரு வருஷம் கழித்து அந்தக் கதையை இவள் முழுதாகப் படித்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை முறையான கிழவி குரல் கொடுப்பாள்:

"ஏளா பேச்சி, அந்தக் கடைசி வரிய இன்னொருக்க வாசி. லாரி மாதிரி என் புருசன் இருமுனதுல கேக்கல."

கதை இதுதான். ஒரு வியாபாரி கப்பலேறிப் போகிறான். பன்னிரண்டு வருஷம் மனைவி காத்திருக்கிறாள். அவன் வேஷம் மாற்றித் திரும்பி வந்து, அவள் ஒழுங்காக இருந்தாளா என்று சோதிக்கிறான். பேச்சி அந்தப் புத்தகத்தையே திரும்பத் திரும்ப எடுத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

சரசுவதி பூஜைக்கு முன்பெல்லாம் லயத்தில் கவாத்துக் கத்தியையும் கொழுந்துக் கூடையையும் கழுவிப் பொட்டு வைப்போம். புத்தகம் யார் வீட்டில் இருந்தது? வாசகசாலை வந்த பிறகு எல்லோருக்கும் பூஜையில் ஒரு புத்தகம் வைக்க ஆசை வந்தது. அண்ணாச்சி அந்த வாரம் வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்துவிடுவார்.

"எது வேணும்?"

"எதுனாலும் சரி அண்ணாச்சி. கொஞ்சம் கனமா இருக்கட்டும்."

ஒரு வீட்டில் கோழி வளர்ப்புப் புத்தகம் கூட அம்மன் படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு இருந்தது. மலையாளத்துக்காரர்களோடு கூடவே இருந்து நாங்களும் அஷ்டமி அன்றே வைக்கப் பழகியிருந்தோம். வைத்தால், விஜயதசமி காலையில் விளக்கேற்றி எடுக்கும் வரை தொடக் கூடாது. திறக்கவும் கூடாது.

அந்த வருஷம் அஷ்டமி அன்று காலையில் எல்லா வீட்டிலும் புத்தகத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போனோம். மதியத்துக்கு மேல் மழை பிடித்து வேலை நின்றது. நான் வாசகசாலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஜீப் வந்து நின்றது. ரைட்டரோடு ஒரு பரிசோதகர் இறங்கி வந்தார். வாசகசாலைகளைப் பார்த்து மேலே எழுதும் அதிகாரி. மலையாளத்துக்காரர். நனைந்த குடையை மடக்காமலேயே தட்டுகளைப் பார்த்தார். தட்டுகள் பாதிக்கு மேல் காலி.

"புஸ்தகங்ஙள் எவிடே?"

"வீடுகள்ல இருக்கு சார். பூஜைக்கு வெச்சிருக்காங்க," என்றார் அண்ணாச்சி.

"தொலஞ்சிருக்கும் சார்," என்றார் ரைட்டர். "நான் எழுதிப் போட்டது இதத்தான். பதிவேட்டப் பாருங்க, பூராவும் கைநாட்டு. படிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் புத்தகம்? பிள்ளைங்க கிழிக்கும், இவளுக அடுப்புப் பத்த வெப்பாளுக. வாசகர்னு பொய்க்கணக்கு."

பரிசோதகர் பதிவேட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக ஊதா நிறக் கட்டைவிரல்கள். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"கைநாட்டு வெச்ச ஆளுக வாசகர்னு நான் எப்படி எழுதும்?" பதிவேட்டை மூடினார். "பூஜை வெச்ச புஸ்தகம் எடுக்கச் சொல்ல மாட்டேன். என்ட வீட்டிலும் வெச்சிட்டுண்டு. நாளைக்கு அடுத்த நாள், விஜயதசமி. காலையில ஒன்பது மணி. எல்லாப் புஸ்தகமும் இந்த மேசையில் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும், கேடு வந்தாலும், ரிப்போர்ட் எழுதும். கட்டடம் எஸ்டேட்டுக்குத் திரும்பிப் போகும்."

"வந்துரும் சார்," என்றார் அண்ணாச்சி.

நான் மழையில் ஓடி வீட்டுக்கு வந்தேன். நம் வீட்டுப் புத்தகம் பத்திரமாகப் பூஜையில் இருக்கிறது என்ற நிம்மதியோடு பேச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கேடு வந்தாலும்" என்று நான் சொன்னபோது அவள் கையிலிருந்த முறம் கீழே இறங்கியது.

"நான் அதுல எழுதியிருக்கேன்," என்றாள்.

"எதுல?"

"புத்தகத்துல."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"எடம் இருந்த பக்கமெல்லாம்."

"யாரு உன்ன எழுதச் சொன்னது?"

"பின்ன பென்சில எதுக்குக் குடுத்தாராம்? புத்தகத்தச் சுத்தி அம்புட்டு வெள்ள எடம் விட்டிருக்கான், அது எதுக்காம்? படிச்சவுக எழுதணும்னுதான்னு நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. "தப்புன்னா அவரு சொல்லியிருப்பாருல்ல? அவரும்தான எழுதியிருக்காரு!"

"யாரு?"

"அண்ணாச்சிதான். நான் கேட்டு எழுதுனா, கீழ பதில் எழுதியிருப்பாரு. அதுக்காகத்தான அதயே எடுத்துக்கிட்டு வந்தேன்."

அப்போதுதான் ஆபத்து எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. புத்தகத்தைக் கொண்டுபோகாவிட்டால் ஒன்று குறையும், வாசகசாலை போகும். கொண்டுபோனால் கேடு வந்த புத்தகம், அதுவும் காப்பவரே கிறுக்கிய புத்தகம். அவரும் போவார், வாசகசாலையும் போகும். புத்தகம் அம்மன் படத்துக்கு முன்னால், மஞ்சள் துணிக்குக் கீழே இருந்தது. எவ்வளவு எழுதியிருக்கிறது, அழித்தால் போகுமா என்று பார்க்கவாவது வேண்டும். நான் கையை நீட்டினேன்.

"கை வைக்காதீங்க!" என்று கத்தினாள் பேச்சி. சுவருக்கு அந்தப் பக்கம் கிழவி, "என்னடி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அத்த."

அந்த நாளும் மறுநாளும் அந்தத் துணியைச் சுற்றித்தான் நாங்கள் வீட்டுக்குள் நடந்தோம். மகளைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை.

நவமி அன்று அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். நான் கல்லில் உட்காரும் வரை நிமிரவில்லை. பிறகு, "வாங்க" என்றார்.

"அந்தப் புத்தகம் எங்க வீட்டுல..."

"தெரியும்."

"கொண்டு வரட்டுமா?"

"எண்ணிக்கை குறையக் கூடாதுல்ல?"

"உங்க கையெழுத்து அதுல..."

"இருக்கு." ஊசியில் நூல் கோத்தார். இரண்டு விரலால் அவர் நூல் கோப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் உதவிக்குப் போனால் பிடிக்காது. "பயமா இருக்கா?"

"ஆமா அண்ணாச்சி."

"எனக்கும்தான்," என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சி ஒரு வழி சொன்னாள். "நான் எழுதுனத நான் ஒத்துக்கிறேன். பதில் எழுதுனது நீங்கன்னு சொல்லிருங்க. புருசன் பொண்டாட்டி எழுதி விளையாண்டோம்னு போகட்டும். அவரு தப்பிச்சிருவாரு."

நான் சரி என்றேன். 'அது நான் எழுதுனது சார்.' நாலே சொல். அன்று விடுமுறை. ஆளில்லாத மலைச்சரிவில் நின்று, தேயிலைச் செடிகளைப் பார்த்து அந்த நாலு சொல்லையும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். செடிகளிடம் நன்றாகத்தான் வந்தது.

விஜயதசமி காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். பேச்சி பின்னால் நின்றாள். அவளுடைய எழுத்து பெரிது, கொழுந்து பறிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பிய்த்து எழுதியிருந்தாள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் பதில். பென்சிலை அழுத்திப் பிடித்திருந்தார்கள் இருவரும். அழித்தால் தாள் கிழியும். நான் மூடிவிட்டேன்.

எட்டரை மணிக்கு மூடுபனி, எங்கள் பேச்சில் மஞ்சு, அடைத்துக் கிடந்தது. லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆண்கள் கம்பளிக்குள்ளும் பெண்கள் முந்தானைக்குள்ளும் புத்தகத்தை வைத்திருந்தார்கள். ஆனால் படியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். உள்ளே ரைட்டர் மேசையை இழுத்து வாசலுக்கு நேராகப் போட்டிருந்தார். பரிசோதகர் வாசலைப் பார்த்து உட்கார்ந்து முதலில் போன பெண்ணிடம், "நில்லு. பேரு? வீட்டு நம்பர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முந்தானைக்குள் புத்தகத்தை இறுக்கிக்கொண்டு பின்வாங்கினாள். இதைப் பார்த்துப் பின்னால் இருந்த இரண்டு பேர் மெல்லத் திரும்பினார்கள். அவர்கள் போனால் இரண்டு புத்தகம் குறையும்.

அண்ணாச்சி மேசைக்குப் பக்கத்தில் போனார்.

"சார், அந்த எடத்துல வெயில் கண்ணுல அடிக்கும். இப்படி ஜன்னலப் பாத்துத் திரும்பி உக்காந்தீங்கன்னா நல்லது."

பரிசோதகர் வெளியே பார்த்தார். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாத மஞ்சு. அண்ணாச்சியைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு மளமளவென்று எல்லோரும் உள்ளே போய் மேசையில் புத்தகத்தை வைத்தார்கள். சந்தனப் பொட்டு வைத்த புத்தகங்கள் அடுக்கடுக்காக ஏறின. கிழிந்தது ஒன்றும் இல்லை. கோழி வளர்ப்பும் வந்து சேர்ந்தது.

"ஒண்ணு குறையும்," என்றார் பரிசோதகர்.

நான் கடைசியாகப் போனேன். அண்ணாச்சி முதுகைக் காட்டி நின்றார், தட்டைத் துடைப்பது போல. நான் புத்தகத்தை வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் ரைட்டர் அதைப் பிடுங்கித் திறந்தார்.

"சார்! நான் என்ன சொன்னேன்? பாருங்க! பக்கத்துக்குப் பக்கம் கிறுக்கி வெச்சிருக்கு!"

பரிசோதகருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. "என்னா எழுதியிருக்கு? வாயிக்கூ," என்றார்.

ரைட்டர் எல்லோருக்கும் கேட்கும்படி இழுத்து இழுத்துப் படித்தார். "'பன்னெண்டு வருசம் இவ என்னத்தச் சாப்பிட்டா?' கீழ எழுதியிருக்கு, 'எழுதியவர் சொல்லவில்லை. நானும் தேடினேன்.' அடுத்தது, 'இவளுக்குப் பேரே கெடையாதா?' கீழ, 'இல்லை. நீங்களே ஒன்று வையுங்கள்.' அப்புறம், 'மாரியம்மா.'"

ரைட்டர் பக்கத்தைத் திருப்பினார். "'வேசம் போட்டு வந்தவன் மூஞ்சில தண்ணிய ஊத்தணும்.' கீழ, 'வெந்நீரா, பச்சைத் தண்ணீரா?'"

பின்னால் கிழவி களுக்கென்று சிரித்துவிட்டாள். அது அப்படியே பரவியது. பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். பரிசோதகர் அண்ணாச்சியிடம் மலையாளத்தில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டவரின் மீசையும் லேசாக ஆடியது. உடனே சரிசெய்துகொண்டார்.

"ஆரு எழுதியது?"

"நாந்தான் சார்," என்றாள் பேச்சி. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

பரிசோதகர் பதிவேட்டில் எங்கள் வீட்டு நம்பரைத் தேடினார். ஊதாக் கட்டைவிரல். அவளைப் பார்த்தார். பேனாவை நீட்டினார். பேச்சி குனிந்து, கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். 'ச' போட்டுப் புள்ளி வைக்க மறந்துவிட்டு, நிமிர்ந்தவள் மறுபடி குனிந்து வைத்தாள்.

"கைநாட்டு வாசகர் ஆகாதுன்னு நீங்க பறஞ்சது," என்றார் பரிசோதகர் ரைட்டரிடம். "இது எந்தா?"

ரைட்டருக்கு முகம் கறுத்தது. ஆனால் அவர் ஆபீஸில் எத்தனையோ கையெழுத்துப் பார்த்தவர். "சரி சார். கீழ இருக்குற எழுத்து இவளுது இல்லயே? அது யாருது?"

பேச்சி என்னைப் பார்த்தாள். அந்த அறையில் அன்றைக்கு நேருக்கு நேர் என்னைப் பார்த்தது அவள் ஒருத்திதான். நாலு சொல். தொண்டை வரை வந்தது. முப்பது நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். என் வாய் திறந்தது எனக்குத் தெரியும். சத்தம் வரவில்லை.

"என்னோடது சார்," என்றார் அண்ணாச்சி.

பரிசோதகர் பேனாவைக் கீழே வைத்தார். "வாசகசாலை நோக்குற ஆள் புஸ்தகத்தில் எழுதலாமோ?"

"கூடாது சார்."

"பின்னே?"

"கேள்வி கேட்டிருந்தாங்க. பதில் சொல்லாம அடுக்கி வைக்க மனசு வரல."

பரிசோதகர் பேனாவை மறுபடி எடுத்தார். ரிப்போர்ட் எழுதினார். எண்ணிக்கை சரி. உறுப்பினர்கள் வாசகர்களே. கட்டடம் வாசகசாலையாகத் தொடரலாம். கேடு வந்த புத்தகம் ஒன்று, கணக்கிலிருந்து நீக்கப்படுகிறது. கேட்டுக்குக் காரணமானவர் பொறுப்பிலிருந்து விலக்கப்படுகிறார். எழுதியதை அவரே எல்லோருக்கும் தமிழில் சொன்னார். கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி சாவியை மேசைமேல் வைத்தார். காதிலிருந்த பென்சிலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நீக்கிய புத்தகத்தைப் பேச்சியிடம் கொடுத்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு மஞ்சுக்குள் போனார்.

மறுவாரத்திலிருந்து அவர் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் இடத்தில் கழிவு கூட்டினார். வாசகசாலைப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. பேச்சி என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரே ஒருநாள் சோறு போடும்போது, "நாலு சொல்லு. நாலே நாலு சொல்லு வரல உங்களுக்கு," என்றாள்.

வாசகசாலைக்குப் புதிதாக ஒரு வாலிபனைப் போட்டார்கள். நல்ல பையன். யார் கதவைத் திறந்தாலும் எழுந்து நின்று, "வாங்க வாங்க!" என்பான். வந்தவர்கள் அப்படியே நிற்பார்கள். பெஞ்சுகள் மட்டும் திரும்பவில்லை. ரைட்டர் இரண்டு முறை திருப்பச் சொன்னார். பெண்கள் அதில் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்துவிட்டார்கள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அடம்பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். அறை நிறைந்திருந்தது. வாளியில் கரி கனன்றது. நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே படியில் ஒரு சத்தம். யாரோ செருப்பைக் கழற்றினார்கள். கழற்றியவர் உள்ளே வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடியில் தேய்ந்த கம்பளிக் கோட்டின் முழங்கை தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்ட ஒரு மனிதர், தான் அடித்த ஆணிகளுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். அதே படியில் நான் அப்படி நின்றிருக்கிறேன். யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்தால் போதும், அவர் போய்விடுவார்.

கதவு கிறீச்சிட்டது. குளிர் உள்ளே வந்தது. கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த குரல்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகத்தான் படித்தார்கள்.

புதிய பையன் மட்டும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழப்போனான். பேச்சி தன் புத்தகத்தைக் கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேராக விரித்தாள்.

"தம்பி, இது என்ன எழுத்துன்னு சொல்லுங்க?"

அந்த எழுத்து அவளுக்குத் தெரியும். அவள் பெயரின் முதல் எழுத்து அது.

பையன் குனிந்தான். காலடிச் சத்தம் என் பக்கமாக வந்தது. பெஞ்சு லேசாக அமுங்கியது. நான் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் நாங்கள் எல்லோரும் தலையைத் தூக்கினோம்.

"வாங்க அண்ணாச்சி," என்றேன் நான். அது அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.